நீதிபோதனை பீரியடில் ஒரு பனிக்காடு

போன மாசம் எங்க பழைய ஸ்கூல்லேருந்து ரெண்டு டீச்சருங்க தாம்பரம் மேற்குல இருக்கற எங்க வீட்டுக்கு வந்தாங்க. ரெண்டு பேருமே இப்போ அங்க இங்கிலீஷ் எடுக்கறவங்க, என் பொண்ணு வயசுதான் இருக்கும். கையில ஒரு டேப்லெட். அதுல ஒரு பத்தி வருது. கஷ்டமான வார்த்தை மேல விரலை வெச்சா தமிழ் அர்த்தம் எட்டிப் பார்க்குது. கீழ கேள்வி, அதுக்குக் கீழயே விடை. "இதை வெச்சு எடுத்தா போதும்னு ட்ரெய்னிங்ல சொல்லிட்டாங்க மிஸ். நீங்க ஏதோ காட்டுக் கதை வெச்சு எடுப்பீங்களாமே, அது என்ன மெத்தட்?"னு கேட்டாங்க. மெத்தடும் இல்ல, மண்ணும் இல்ல, உட்காருங்கடின்னு சொல்லி காபி போட்டுக் கொடுத்தேன். அவங்ககிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன். சொல்லும்போது வந்த கோபம் ஆறிடக் கூடாதுன்னு அன்னிக்கே எழுத உட்கார்ந்துட்டேன்.

நான் டீச்சரானது பெரிய கதை இல்ல. பி.ஏ. இங்கிலீஷ், அப்புறம் பி.எட். அங்க பாடக் குறிப்பு எழுதினேன், அட்டையில படம் வெட்டி ஒட்டினேன், மாதிரி வகுப்பு நடத்தும்போது பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருந்த பேராசிரியர் தலையை ஆட்டற வரைக்கும் சிரிச்ச முகமா நின்னேன். பிள்ளைங்களுக்குப் புரியலைன்னா என்ன பண்ணணும்னு அங்க யாரும் சொல்லித் தரல. வேலை கிடைச்சது பம்மல் பக்கத்துல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல. அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். தினமும் தாம்பரத்துலேருந்து பல்லாவரம் வரைக்கும் ரயில், அங்கேருந்து ஷேர் ஆட்டோ. தோல் பதனிடற ஷாப்பு நாத்தத்துக்கு முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் மூக்குக்கே அது மறந்து போச்சு.

அந்த ஸ்கூல்ல இங்கிலீஷ் வகுப்புன்னா வேர்ட் மீனிங். போர்டுக்கு நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம். பொண்ணுங்க எழுதிக்கணும், கோரஸா கத்தணும், மறுநாள் ஒப்பிக்கணும். அப்புறம் கைடுலேருந்து கேள்வி பதில். அதையும் எழுதணும், கத்தணும், ஒப்பிக்கணும். கதையைப் படிக்கறதுன்னு ஒண்ணு நடுவுல இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. ஊரே அப்படித்தான் எடுத்தது, நானும் அப்படித்தான் எடுத்தேன். அதுக்காக இப்போ உட்கார்ந்து மன்னிப்பு கேட்கப் போறதில்ல.

ஒருநாள் ஒரு பொண்ணு 'ஷெல்டர்னா புகலிடம்'னு கணீர்னு ஒப்பிச்சா. எனக்கு என்னமோ தோணி, "புகலிடம்னா என்னடி?"னு கேட்டேன். அவ யோசிக்கவே இல்ல. "ஷெல்டர் மிஸ்!"னா. வகுப்புல ஒருத்தி கூட சிரிக்கல. அவங்களுக்கு அது சரியான விடைதான்.

ஆனா எனக்கு உண்மையா மண்டை காஞ்சது ஒரு காலாண்டுத் தேர்வுல. பாடப் புஸ்தகத்துல இல்லாத, படிக்காத பத்தி ஒண்ணு கொடுத்து கேள்வி கேட்கணும். நானே ஒரு சின்னப் பத்தி எழுதினேன். ஒரு கிழவரோட நாய் ரோட்டுல அடிபட்டுடுது, கிழவர் அழறார். அவர் ஏன் அழுதார்? இதுதான் கேள்வி. பேப்பர் திருத்த உட்கார்ந்தா பாதி வகுப்பு குதிரை செத்துப் போச்சுன்னு எழுதியிருக்கு. எங்கேருந்து வந்தது குதிரை? பாடப் புஸ்தகத்துல வேற ஒரு கதையில ஒரு ராஜா குதிரைக்காக அழுவான். 'ஏன் அழுதார்'னு பார்த்ததும் மனப்பாடம் பண்ணினதை அப்படியே கொட்டிட்டாங்க. கண்ணு முன்னாடி நாய் செத்துக் கிடக்கு, எவளும் குனிஞ்சு பார்க்கல. அதை விடக் கொடுமை, ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர், "பாவம், ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கே, பாதி மார்க் போடு"ன்னாங்க. போட மாட்டேன்னுட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சது என் பிடிவாதம்.

கைடு இல்லாத கதை வேணும். அதுதான் என் முதல் கண்டிஷன். தாம்பரம் மார்க்கெட் கிட்ட பழைய பேப்பர் கடையில அட்டை போன ஒரு இங்கிலீஷ் கதைத் தொகுப்பு கிடைச்சது. அதுல ஒரு கதையை எடுத்து, நீளமான வாக்கியத்தை எல்லாம் உடைச்சு, சின்னச் சின்னதா எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். குளிர் நாட்டுல ஒரு தபால்காரர். பனிக்காட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கிராமத்துக்குத் தபால் கொண்டு போறார். புயல் வந்து வழி தப்பிடுது. கையில இருக்கறது ஒரு கம்பளி, ஒரு தகர டம்ளர், ஒரு கத்தி, ஒரு தீப்பெட்டி, மூட்டை நிறைய மத்தவங்க கடிதம். ராத்திரி நெருப்பு இல்லைன்னா விறைச்சுச் செத்துடுவார். கதை அவ்வளவுதான். மார்கழியில கூட மின்விசிறி போட்டுக்கிட்டுத் தூங்கற பம்மல் பொண்ணுங்களுக்குப் பனிக்காடு. "உனக்கு வேற கதையே கிடைக்கலையா"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கேட்டாங்க. பார்க்காத இடமா இருந்தாத்தான் தாளைப் பார்த்துப் படிப்பாங்க, பார்த்த இடம்னா யூகிச்சுடுவாங்கன்னு சொன்னேன்.

ஹெச்.எம். மேடம்கிட்ட அனுமதி வாங்கணுமே! அவங்களைப் பத்தி இங்க சொல்லியாகணும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மேஜை மேல ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாம துடைச்சு வெச்ச சுத்தம், ஒரு பித்தளை மணி, பச்சை மைப் பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்ல. எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, பாடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. "வா இங்கிலீஷ், உட்காரு." "கணக்கு எங்க, இன்னும் வரலையா?" நீ, வா, போன்னு பேசினா நல்ல மூடுல இருக்காங்கன்னு அர்த்தம். 'நீங்க'ன்னு ஆரம்பிச்சா கோபம். கேள்வி கேட்டுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாங்க. துடைச்சு முடிக்கறதுக்குள்ள பதில் வந்தாகணும்.

"வேர்ட் மீனிங் நோட்டு போடாம கதையா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா என்னத்தைக் காட்டுவே?"

"பொண்ணுங்களைக் காட்டறேன் மேடம்."

கண்ணாடியைத் துடைச்சாங்க. "திமிரு"ன்னாங்க. அப்புறம், "இங்கிலீஷ் பீரியடைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நீதிபோதனைதானே, ஒன்பதாவதுக்கு அதை எடுத்துக்கோ. ஆனா நீதின்னு ஒண்ணு இருக்கணும்"னு சொல்லிட்டு மணியை ஒரு தட்டு தட்டினாங்க. போகலாம்னு அர்த்தம்.

இப்படித்தான் நடத்தினேன். தாளைப் பாதியா மடிச்சுக் கொடுப்பேன், அடுத்த பத்தி தெரியாது. மனசுக்குள்ள படிக்கணும், வாய் அசையக் கூடாது. தெரியாத வார்த்தைக்கு என்கிட்ட அர்த்தம் கேட்கக் கூடாது. முன்னாடி வரி, பின்னாடி வரி ரெண்டையும் பார்த்துட்டு, என்னவா இருக்கும்னு நீயே சொல்லு. தப்பா சொன்னாலும் பரவாயில்ல, ஆனா எந்த வரியை வெச்சு அப்படிச் சொல்றேன்னு காட்டணும். கதையில ஒரு இக்கட்டு வர்ற இடத்துல நிறுத்திடுவேன். நாலு நாலு பேரா உட்கார்ந்து, அந்த ஆள் இப்போ என்ன பண்ணணும்னு முடிவு பண்ணணும். கதையில இல்லாத சாமானைக் கொண்டு வரக் கூடாது. ஒருத்தி செல்போன்ல போலீசைக் கூப்பிடலாம்னா. "எந்த வரியில இருக்கு செல்போன்?"னு கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்குப் பட்டப்பேரே 'எந்த வரி மிஸ்'னு ஆயிடுச்சு. அது எனக்குத் தெரியாதுன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க.

முதல் வாரம் 'டாம்ப்'னு ஒரு வார்த்தை வந்தது. கைடுல பார்த்தா ஈரமானதுன்னு போட்டிருக்கும். நான் போர்டுல ஒண்ணும் எழுதல. கதையில என்ன இருக்கு? தீக்குச்சி டாம்பா இருக்கு. உரசறார், மருந்து உதிருது. தீப்பெட்டியைச் சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கறார். எல்லாரும் திரும்ப மேல வரிக்குப் போனாங்க. அப்புறம் ஒருத்தி எழுந்து, "நமுத்துப் போச்சு மிஸ்!"னு கத்தினா. அடடா! எந்த கைடு எழுதும் இதை? ஈரமான குச்சின்னா தண்ணியில விழுந்த குச்சி. இது மழைக்காலத்துல அடுப்படி மாடத்துல இருக்கற குச்சி. வீட்டுலேருந்து அப்படி ஒரு நமுத்த தீப்பெட்டியைக் கொண்டு வந்து அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தியையும் உரசச் சொன்னேன். அப்போ பார்த்து வராந்தாவுல ஹெச்.எம். மேடம்.

"வகுப்புல தீப்பெட்டியா? நீங்க கொஞ்சம் வெளிய வாங்க."

நீங்க! போனேன். "இது நீதிபோதனையா?"ன்னாங்க. "எரியாது மேடம், நமுத்துப் போனதுதான். வேணும்னா நீங்களே உரசிப் பாருங்க"ன்னு தீப்பெட்டியை நீட்டினேன். அவங்க வாங்கிக்கல. ஆனா ஜன்னல் வழியா ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அந்த வாரம் என் பாடக் குறிப்புல பச்சை மையில 'நெருப்பு கூடாது'ன்னு மட்டும் எழுதியிருந்தது, கதை கூடாதுன்னு எழுதல. எனக்கு அது போதும்.

அந்த வகுப்புலதான் கஸ்தூரி இருந்தா. கடைசி பெஞ்சு, ஒல்லியா, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னின ரெட்டைச் சடை. அவ அம்மா தேசம்மா கோவளத்துக்காரங்க. விடியக்காலையில பஸ்ஸைப் பிடிச்சு கோவளம் போய் மீன் எடுத்துக்கிட்டு வந்து பம்மல் தெருவுல கூவி விப்பாங்க. பொண்ணுக்கு மனப்பாடம்னா சுத்தமா வராது. திட்டிப் பார்த்தாச்சு, முட்டி போட வெச்சாச்சு, பத்து தடவை எழுத வெச்சாச்சு. நாலு வரிக்கு மேல நிக்காது. விடைத்தாள்ல தனக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டு ஏதோ எழுதுவா, கைடு விடையோட ஒத்துப் போகாது, மார்க் விழாது. அரையாண்டுல இங்கிலீஷ்ல பெயில், கணக்குலயும் பெயில்.

முதல் ரெண்டு மூணு வாரம் அவ வாயே திறக்கல. வரிக்கு அடியில விரலை வெச்சுக்கிட்டு, நத்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து படிப்பா. மத்தவங்க முடிச்சுட்டு இவளைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கதையில ஓடைச் சத்தம் கேட்கற இடத்துல வகுப்பு லீடர், "மிஸ், கஸ்தூரியைக் கேளுங்க, அவதான் கடல்காரி, தண்ணியைப் பத்தி அவளுக்குத் தெரியும்"னு நக்கலா சொன்னா. கஸ்தூரி வெடுக்குனு எழுந்தா. "நான் கடல்ல காலு நனைச்சதோட சரி மிஸ். எனக்குத் தண்ணின்னாலே பயம். இந்தாளு ஓடைப் பக்கம் போகக் கூடாது, ஏன்னா மேல அவரு பூட்ஸு ஓட்டைன்னு எழுதிக்கீது"ன்னா. விரல் அந்த வரி மேலயே இருந்தது. அந்த பூட்ஸ் ஓட்டையை வகுப்புல வேற யாரும் கவனிக்கல. எனக்கு ஒரே சந்தோஷம், காட்டிக்கல.

அப்புறம் வந்தது பெரிய சண்டை. சுள்ளி பொறுக்கியாச்சு, தீக்குச்சி ஒண்ணோ ரெண்டோதான் மிச்சம், பத்த வைக்க காய்ஞ்ச காகிதம் வேணும். காகிதம்னா அந்த மூட்டைதான். மத்தவங்க கடிதத்தைக் கொளுத்தலாமா? அங்க நிறுத்தினேன். வகுப்பு ரெண்டா உடைஞ்சது. உசுரு முக்கியம்னு ஒரு கட்சி. நம்பிக் கொடுத்த கடிதம், அதுல யாருக்காவது வேலைக்கு ஆர்டர் இருந்தா என்ன பண்றதுன்னு ஒரு கட்சி. ஒருத்தி அழவே ஆரம்பிச்சுட்டா. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைச் சாத்திட்டுப் போனாங்க.

கஸ்தூரி மெதுவா கையைத் தூக்கினா. "எல்லாத்தையும் ஒருவாட்டி படிச்சுக்கினு அப்பால கொளுத்தட்டும் மிஸ். பொழைச்சுக்கினா ஊருக்குப் போய் வாயால சொல்லிடலாம்ல?"

"அடுத்தவங்க கடிதத்தைப் படிக்கலாமாடி?"ன்னு லீடர் பாய்ஞ்சா.

"எரிஞ்சு போனா யாருமே படிக்க முடியாது. இவரு படிச்சா இவரு மண்டையிலயாவது இருக்கும். எந்த வூட்டுக்கு எதுன்னு அவருக்குத் தெரியும் மிஸ், அந்த வழியில எல்லாக் கதவையும் தெரியும்னு முதல் தாள்லயே எழுதிக்கீது."

எடுத்துக் காட்டினா. இருந்தது. இருபது வருஷம் கிட்ட பாடம் எடுத்திருக்கேன், எனக்கு அது தோணல. நாலு வரி மனப்பாடம் நிக்காத பொண்ணு, ஒரு கதையோட முதல் தாளையும் கடைசித் தாளையும் ஒண்ணா பிடிச்சு வெச்சிருக்கா. இதைத்தானே படிக்கறதுன்னு சொல்லுவாங்க? வேற என்ன?

கதை எப்படி முடியும்னா, மூட்டையில தன் பேருக்கே வந்த ஒரு கடிதத்தை அவர் பார்க்கறார். உறையைப் பிரிக்காம அதை மட்டும் கொளுத்திச் சுள்ளியைப் பத்த வைக்கறார். ஏன் பிரிக்கலைன்னு கதையில இல்ல. படிச்சா கொளுத்த மனசு வராது, அதான்னு ஒருத்தி சொன்னா. கஸ்தூரி ஒத்துக்கல. "சோம்பேறி மிஸ் அந்தாளு, படிச்சிருக்கணும்"னு ஒரு வாரம் அவர் மேல கோவமா இருந்தா. ஹெச்.எம். மேடம் ஒருநாள் படிக்கட்டுல நிறுத்தி, "கதை முடிஞ்சுதா, நீதி என்ன?"ன்னு கேட்டாங்க. "பொண்ணுங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க மேடம்"னேன்.

ஏப்ரல் வந்தது. இப்போ சொல்லப் போறது எங்க பக்கத்து ஸ்கூலுங்க பலதுலயும் நடந்தது, யாரும் வெளிய பேச மாட்டாங்க. நான் பேசுவேன். பத்தாவது ரிசல்ட்டுல நூறு சதவீதம் வரணும்னா, தேறாதுன்னு தோணற பொண்ணுங்களை ஒன்பதாவதோடயே கழட்டி விட்டுடணும். பெயில் போட்டா அதே வகுப்புல உட்கார்ந்துடுவாங்க. அதனால பெத்தவங்களைக் கூப்பிட்டு, "பாஸ் போட்டு டி.சி. தர்றோம், வேற ஸ்கூல்ல சேர்த்துக்குங்க"ன்னு தேனா சொல்லுவாங்க. பாஸ்னு கேட்டதும் பாவம் அவங்களுக்கு முகம் மலர்ந்துடும். எந்த ஸ்கூலும் பத்தாவதுக்கு மட்டும் வர்ற பொண்ணைச் சேர்த்துக்காதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்து போட ஒரு கடிதம் தயாரா இருக்கும், இங்கிலீஷ்ல டைப் அடிச்சது. பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும்.

அந்த வருஷம் என் வகுப்புலேருந்து கஸ்தூரி பேர். நான் ஹெச்.எம். ரூமுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவங்களும் சும்மா சொல்லல. "சுத்தி எத்தனை இங்கிலீஷ் மீடியம் முளைச்சிருக்கு பாரு. கேட்டுல நூறு சதவீதம்னு பேனர் கட்டினாத்தான் ஆறாவதுக்கு பிள்ளைங்க வருவாங்க. பிள்ளைங்க குறைஞ்சா போஸ்ட் போகும். யார் போஸ்ட்டு போகட்டும், சொல்லு. உன்னுதா, தமிழா, கணக்கா?" அதுல நியாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்க போஸ்ட்டுக்கு ஏன் அந்தப் பொண்ணு விலை கொடுக்கணும்? டி.சி. வாங்கினா மறுநாள் அவ தலையில மீன் கூடை ஏறும், அது எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். "இங்கிலீஷ்ல நாலு வரி படிச்சுப் புரிஞ்சுக்க முடியாத பொண்ணு பத்தாவதுல என்ன கிழிக்கும்? அவ அம்மா வந்தா வகுப்பு டீச்சர் நீதான் எடுத்துச் சொல்லி கையெழுத்து வாங்கணும்"னுட்டாங்க.

தேசம்மா வியாபாரத்தை முடிச்சுட்டு நேரா ஹெச்.எம். ரூமுக்கு வந்தாங்க, கூடையை கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு. அவங்களுக்கு முன்னாடி பக்கத்து செக்‌ஷன் அம்மாங்க ரெண்டு பேர் கையெழுத்து போட்டுட்டு, கும்பிட்டுட்டு, சிரிச்ச முகமா போனாங்க. அவங்க பின்னாடி போன பொண்ணுங்களுக்கு என்ன நடந்ததுன்னே தெரியல. தேசம்மாவும், "பாஸ் போடறீங்களா மேடம்? மவராசியா இருப்பீங்க, எங்க கையெழுத்து போடணும்?"னு உட்காராமலே கேட்டாங்க. ஹெச்.எம். மேடம் என்னைப் பார்த்தாங்க. நான் கடிதத்தை எடுத்தேன், வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த கஸ்தூரியைக் கூப்பிட்டு அவ கையில கொடுத்தேன்.

"படிச்சு அம்மாவுக்குச் சொல்லு."

"பொண்ணு எதுக்கு? நீங்க சொல்லுங்க"ன்னாங்க மேடம். நீங்க!

"கையெழுத்து போடறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது மேடம். வீட்டுல இங்கிலீஷ் படிக்கற ஆள் இவதான்."

சொல்லிட்டேனே தவிர எனக்கு நிச்சயம் இல்ல. அது கதை இல்ல, ஆபீஸ் இங்கிலீஷ். அவ முழிச்சா அத்தோட முடிஞ்சது, மேடம் சொன்னது சரின்னு ஆயிடும், நானே குழி வெட்டிக் கொடுத்த மாதிரி. கஸ்தூரி மேஜை ஓரத்துல கடிதத்தை வெச்சு விரலை வெச்சா. ஒரு வரி. திரும்ப மேல போனா. அப்புறம் கீழ. மேடம் கண்ணாடியைத் துடைச்சு முடிச்சு, போட்டுக்கிட்டு, திரும்பக் கழட்டினாங்க.

"அம்மா, கையெழுத்து போடாத."

"இன்னாடி?"

"நாம வூடு மாத்திக்கினு வேற ஊருக்குப் போறோமாம். அதனால நாமளே வந்து டி.சி. கேக்கறோமாம். அப்படி எழுதிக்கீது."

"யாரு போறாங்க? எந்த ஊருக்கு?" தேசம்மா குரலுக்கு அந்த ரூம் பத்தல. "நீ பொறந்ததுலேர்ந்து அதே வூட்லதானே கீறோம்! நான் எப்போ டி.சி. கேட்டேன்? இன்னா மேடம் இது, பாஸு பாஸுன்னு சொல்லி எம் பொண்ணைத் தொரத்தறீங்களா?"

மேடம் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பச்சைப் பேனா முனையால ஒரு வார்த்தையைத் தொட்டாங்க. 'ரெசிடென்ஸ்'. "இதுக்கு என்ன அர்த்தம்?"னு கஸ்தூரியைக் கேட்டாங்க.

"தெரியாது மேடம்."

"தெரியாம எப்படிச் சொன்னே?"

"கீழ புது அட்ரஸ் எழுத இடம் வுட்டிருக்கு மேடம். மேல மாத்தறோம்னு இருக்கு. அப்போ மாத்தறது வூடாத்தானே இருக்கணும்?"

மேடம் அந்தப் பொண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மணியை ஒரு தட்டு தட்டினாங்க. "ஜூன்ல பத்தாவது புஸ்தகம் கொடுப்பாங்க, வந்து வாங்கிக்கோ. போ." அவங்க ரெண்டு பேரும் போனதும் என்கிட்ட, "நூறு போச்சுன்னா உன் பேரைத்தான் சொல்லுவேன் இங்கிலீஷ்"னாங்க. "சொல்லுங்க மேடம்"னேன். கையெழுத்து இல்லாத அந்தக் கடிதம் மேஜை மேல கிடந்தது. எடுத்து என் கைப்பையில வெச்சுக்கிட்டேன், அவங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க.

அடுத்த வருஷம் பத்தாவது ரிசல்ட்டு வந்தது. கஸ்தூரி இங்கிலீஷ்ல பாஸ், கணக்குல பெயில். கேட்டுல பேனர் கட்டல. ஸ்டாஃப் ரூம்ல கொஞ்ச நாள் யாரும் என்கிட்ட சரியா முகம் கொடுத்துப் பேசல. "உன்னாலதான்"னு நேராவே சொன்னாங்க. ஆமா, என்னாலதான். அதுக்கென்ன இப்போ? அந்தப் பொண்ணு கணக்கை மட்டும் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணிட்டு, அடுத்த ஜூன்ல ப்ளஸ் ஒன்ல வந்து உட்கார்ந்தா. நூத்துல ஒண்ணு குறைஞ்சதுக்கு ஸ்கூல் இடிஞ்சு விழல. என் போஸ்ட்டும் போகல.

ஆனா எனக்கு ஆறாம இருந்தது அந்த ரெண்டு அம்மாங்க கும்பிட்டுட்டுப் போனது. அவங்க பொண்ணுங்களுக்கு நான் பாடம் எடுக்கல, அதனால வாசிக்கச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லாம போச்சு. கஸ்தூரி பத்தாவது போன வருஷமே ஹெச்.எம். மேடம்கிட்ட கேட்காமலே ஒன்பதாவது ரெண்டு செக்‌ஷனையும் ஒரே ஹால்ல உட்கார வெச்சு வெள்ளிக்கிழமை வகுப்பை எடுத்தேன். தபால்காரர் கதை பிப்ரவரியில முடிஞ்சது. மார்ச் முதல் வெள்ளிக்கிழமை கைப்பையைத் திறந்து எல்லாருக்கும் ஒரு புதுத் தாள் கொடுத்தேன். படிக்காத பத்தி, ரொம்பச் சின்னது. போர்டுல கேள்வி எழுதினேன். இந்தக் கடிதத்துல கேட்கறது யாரு? இதை டைப் அடிச்சது யாரு? ரெண்டும் ஒரே ஆளா? எந்த வரியை வெச்சுச் சொல்றே?

பொண்ணுங்க வரிக்கு அடியில விரலை வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்பப் படிச்சாங்க. அப்புறம் பின்னாடியிலேருந்து ஒருத்தி, "மிஸ், இதை எழுதினது எங்க அம்மா இல்ல. எங்க அம்மா பேருக்கு இடம்தான் வுட்டிருக்கு"ன்னா. இன்னொருத்தி, "கையெழுத்து போட்டுட்டா நாமளே போனதா ஆயிடும் மிஸ்"னா. வரிசையா கை எழும்புச்சு. திரும்பிப் பார்த்தா கதவுல ஹெச்.எம். மேடம் நின்னுக்கிட்டு இருக்காங்க. எவ்வளவு நேரமா நின்னாங்களோ தெரியல. உள்ள வந்தாங்க, முதல் பெஞ்சுப் பொண்ணோட தாளை எடுத்தாங்க, நின்ன இடத்துலயே மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு, இங்கிலீஷ்?"

"புஸ்தகத்துல இல்ல மேடம். நீங்க எழுதினது"ன்னேன்.